ஸ்மைலி மூன்று முறை விடைபெற்றார்

பினாங்கு சௌராஸ்தா சந்தையின் கீழே உப்பிலும் சீனியிலும் ஊறிய ஜாதிக்காய் விற்பார்கள். மாடிக்குப் போனால் பழைய புத்தகக் கடைகள். அங்கே ஒருநாள் ஐந்து வெள்ளிக்கு ஜான் லெ காரே எழுதிய 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' கிடைத்தது. அட்டை பாதி கிழிந்திருந்தது. உளவு நாவல் என்றால் ஜேம்ஸ் பாண்ட் மாதிரி ஏதோ இருக்கும், பேருந்தில் படிக்க ஆகும் என்று நினைத்துத்தான் வாங்கினேன்.

கொஞ்ச பக்கங்கள் தாண்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதில் ரிக்கி டார் என்று ஓர் ஆள் வருகிறான். பினாங்கில் குடியிருந்த ஆஸ்திரேலிய வழக்கறிஞரின் மகன். போர் வந்ததும் குடும்பம் சிங்கப்பூருக்கு ஓடுகிறது. சில மாதங்களில் சிங்கப்பூரும் விழுகிறது. பையனின் படிப்பு ஜப்பானியர்களின் கையில் இருந்த சாங்கி சிறையில் தொடங்குகிறது. பதினெட்டு வயதில் இந்தோனேசியத் தீவுகளுக்கு நடுவே துப்பாக்கி கடத்துகிறான். அங்கேதான் பிரிட்டிஷ் உளவுத்துறை அவனைக் கண்டுபிடித்து வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. லண்டனில் மழையும் கோட்டும் தேநீருமாக நகரும் ஒரு நாவலுக்குள் நம்ம ஊர் இப்படி ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது.

அதிலிருந்து நான் லெ காரேயை விடவில்லை. ஜார்ஜ் ஸ்மைலி வரும் நாவல்கள் ஒன்பதையும் தேடித் தேடிப் படித்தேன். கடைசி நாவலான 'எ லெகஸி ஆஃப் ஸ்பைஸ்' வந்தபோது சுங்கை பட்டாணியில் நாங்கள் சிலர் கூடும் வாசகர் வட்டத்தில் அதைப் பேச எடுத்துக்கொண்டோம். அன்று நடந்தது வாக்குவாதம். எங்களில் மூத்தவர், நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன், புத்தகத்தை மேசையில் தட்டிவிட்டுச் சொன்னார்:

"செத்தவனோட புள்ளைங்க அம்பது அறுபது வருஷம் கழிச்சு வந்து உளவுத்துறை மேல கேஸ் போடுவாங்களாம். எந்த ஊர்ல நடக்கும் தம்பி? நான் முப்பது வருஷம் கோர்ட்ல இருந்தவன். கதவத் தாண்டி உள்ளயே விடமாட்டான்."

அவருக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான். முடிவுகளைப் பற்றிய கட்டுரை என்பதால் முடிவுகளைச் சொல்லாமல் எழுத முடியாது. இனிமேல்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திவிட்டுப் போய்ப் படித்துவிட்டு வாருங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

துப்பாக்கியை மாற்றிய கடிதம்

உளவு நாவல் வாசகர்கள் சும்மா படித்துவிட்டுப் போகிறவர்கள் கிடையாது. 1956இல் ஜெஃப்ரி பூத்ராய்ட் என்ற துப்பாக்கி நிபுணர் இயன் ஃப்ளெமிங்குக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜேம்ஸ் பாண்ட் வைத்திருக்கும் பெரெட்டா பெண்கள் கைப்பையில் வைக்கும் துப்பாக்கி, இந்த வேலைக்கு ஆகாது என்பது அவருடைய புகார். ஃப்ளெமிங் அதை ஏற்றுக்கொண்டார். 1958இல் வந்த 'டாக்டர் நோ' நாவலில் பாண்டின் கையிலிருந்து பெரெட்டா பிடுங்கப்படுகிறது, வால்தர் பிபிகே வருகிறது. அதைக் கொடுக்கும் ஆயுத நிபுணரின் பெயர் மேஜர் பூத்ராய்ட். கடிதம் போட்ட வாசகர் கதைக்குள்ளேயே போய்விட்டார்.

அதே பாண்ட் வரிசையின் கடைசி நாவலுக்கு வாசகர்கள் காட்டிய முகம் வேறு. ஃப்ளெமிங் 1964 ஆகஸ்டில் இறந்தார். அவர் முதல் எழுத்தோடு விட்டுவிட்டுப் போன 'தி மேன் வித் தி கோல்டன் கன்' 1965இல் வெளியானது. புத்தகம் விற்றது, ஆனால் விமர்சகர்கள் பலருக்கு ஏமாற்றம். பாண்டை நேசித்து எழுதிய கிங்ஸ்லி ஏமிஸுக்கும் ஏமாற்றம்தான். எழுத்தாளர் இன்னொரு தடவை உட்கார்ந்து செதுக்கியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற ஏக்கம்தான் அன்றைய பேச்சு முழுவதும் தெரிகிறது. பாண்ட் செய்ததெல்லாம் சரியா என்று அந்தக் கடைசிப் புத்தகத்தை முன்வைத்து யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை. பாண்ட் வாசகருக்கு வேண்டியது பாண்ட் ஜெயிப்பது. அது நன்றாக நடந்ததா இல்லையா என்பதுதான் வழக்கு.

லெ காரேயின் வாசகர்கள் போட்ட வழக்கு வேறு மாதிரி. அது 1963இலேயே தொடங்கிவிட்டது.

மதிலின் இரண்டு பக்கம்

லெ காரே என்பது புனைபெயர். இயற்பெயர் டேவிட் கார்ன்வெல். எம்ஐ5, எம்ஐ6 இரண்டிலும் வேலை பார்த்தவர். 1961இல் பெர்லின் மதில் எழும்பியபோது அவர் பான் நகரத்து பிரிட்டிஷ் தூதரகத்தில், தூதரக அதிகாரி என்ற போர்வையில் இருந்த இளைஞர். அந்த மதிலைப் பார்த்த அதிர்ச்சியில் எழுதியது 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்'.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அலெக் லீமஸ் களைத்துப்போன ஓர் உளவாளி. கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறையில் இருக்கும் மண்ட் என்ற கொடியவனை ஒழிப்பதாக நம்பிக்கொண்டு கிழக்கே போகிறான். உண்மையில் மண்ட் பிரிட்டனின் ஆள். அவனைச் சந்தேகித்த ஃபீட்லர் என்ற நேர்மையான அதிகாரியை அழித்து மண்டைக் காப்பாற்றுவதுதான் லண்டன் போட்ட திட்டம். அந்தத் திட்டத்துக்கு லீமஸும் தெரியாமல் பயன்பட்டான், அவனைக் காதலித்த லிஸ் கோல்ட் என்ற நூலகப் பெண்ணும் பயன்பட்டாள். கடைசியில் மதில் ஏறும்போது லிஸ் சுடப்பட்டு விழுகிறாள். மதிலின் மேற்குப் பக்கம் ஸ்மைலி நிற்கிறார். லீமஸ் அந்தப் பக்கம் குதித்திருக்கலாம். அவன் லிஸ் கிடக்கும் பக்கம் இறங்கிச் சாகிறான்.

இதற்கு வந்த எதிர்வினைகளைப் பாருங்கள். கிரஹாம் கிரீன், தான் படித்த உளவுக் கதைகளிலேயே இதுதான் சிறந்தது என்றார். அமெரிக்காவில் மாதக் கணக்கில் விற்பனைப் பட்டியலின் உச்சியில் இருந்தது. சோவியத் பக்கமிருந்து 'லிட்டரட்டூர்னயா கஸெட்டா' தாக்கி எழுதியது. லெ காரே 1966இல் ஒரு திறந்த கடிதம் எழுதிப் பதில் சொன்னார். இன்னொரு பக்கம் அவருடைய பழைய சகாக்களுக்கும் கோபம். வாஷிங்டனில் பிரிட்டிஷ் தூதர் கொடுத்த விருந்தில், முன்னாள் சகா ஒருவர் அத்தனை பேர் நடுவிலும் தன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியதை லெ காரே தன் நினைவுக் குறிப்பான 'தி பிஜன் டனல்' நூலில் எழுதியிருக்கிறார். நாட்டுக்காக வாய் திறக்காமல் வேலை பார்க்கிறவர்களைக் கேவலப்படுத்திவிட்டாய் என்பது அந்த ஆளின் ஆதங்கம்.

ஆக, மதிலுக்கு இரண்டு பக்கமும் இருந்த உளவுக்காரர்களும் எரிச்சலடைந்த ஒரு புத்தகம். சாதாரண வாசகர்களோ அதை அப்படியே உண்மை என்று நம்பினார்கள். லெ காரே பல தடவை சலித்துக்கொண்டார்: இது கற்பனை என்பதால்தானே உளவுத்துறையே பார்த்து அனுமதி கொடுத்தது! யாரும் கேட்கவில்லை. லீமஸும் லிஸ்ஸும் உண்மையாகவே செத்த மாதிரி வாசகர்கள் அவர்களுக்காகத் துக்கம் காத்தார்கள்.

இந்தத் துக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 54 வருஷம் கழித்து அது திரும்பி வரும்.

முதல் விடை, இரண்டாம் விடை

1974இல் தொடங்கிய கார்லா வரிசை மூன்று நாவல்கள். கார்லா என்பவன் மாஸ்கோவின் உளவுத் தலைவன். ஸ்மைலி வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அவனை நேரில் பார்த்திருக்கிறார். அதுவும் எங்கே? டெல்லி சிறையில். 1950களில் கைதியாக இருந்த கார்லாவை மேற்குக்கு வந்துவிடும்படி ஸ்மைலி மன்றாடுகிறார். அவன் வாயே திறக்கவில்லை. மனைவி ஆன் பரிசாகக் கொடுத்த சிகரெட் லைட்டரை மட்டும் அவன் எடுத்துக்கொண்டு போகிறான். பிறகு கார்லா, ஆன் மீது ஸ்மைலிக்கு இருந்த காதலையே கணக்குப் போட்டு, தன்னுடைய ஆளை அவளோடு பழகவிட்டு, ஸ்மைலியின் கண்ணை மறைக்கிறான்.

1979இல் வந்த 'ஸ்மைலிஸ் பீப்பிள்' நாவலில் ஸ்மைலி திருப்பி அடிக்கிறார். கார்லாவுக்கு மனநலம் குன்றிய ஒரு மகள் இருக்கிறாள். அவளைத் தன் அரசாங்கத்துக்கே தெரியாமல் சுவிட்சர்லாந்தில் ஒரு மருத்துவ இல்லத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறான். அந்த ஒரு பாசத்தைப் பிடித்து ஸ்மைலி அவனை மடக்குகிறார். கடைசிக் காட்சியில் கார்லா பெர்லினில் பாலத்தைக் கடந்து மேற்கே வருகிறான். வரும்போது அந்த லைட்டரைத் தரையில் போடுகிறான். ஸ்மைலி அதைக் குனிந்து எடுக்கவில்லை.

முதல் தடவை படித்தபோது நான் கைதட்டத் தயாராக இருந்தேன், கை எழும்பவில்லை. மூன்று நாவலாகக் காத்திருந்த வெற்றி இது. வில்லன் சரணடைந்துவிட்டான். ஆனால் அவனைச் சரணடைய வைத்தது ஒரு தகப்பனின் பாசம். கார்லா ஸ்மைலிக்குச் செய்ததை ஸ்மைலி கார்லாவுக்குச் செய்துவிட்டார். உதவியாளர் பீட்டர் கில்லம் வாழ்த்துகிறார். ஸ்மைலிக்கோ தான் ஜெயித்ததே சந்தேகமாக இருக்கிறது.

இதற்குப் பிறகு ஸ்மைலி போதும் என்று லெ காரே நிறுத்தியதற்கு ஒரு வேடிக்கையான காரணமும் உண்டு. பிபிசி எடுத்த தொடர்களில் (1979, 1982) அலெக் கின்னஸ் ஸ்மைலியாக நடித்தார். நடிப்பு அவ்வளவு பொருத்தம். எழுத உட்கார்ந்தால் கின்னஸின் குரலும் முகமுமே வருகிறது, என் ஸ்மைலியை அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்ற பொருளில் லெ காரே சொல்லியிருக்கிறார். உலகம் முழுக்க ஸ்மைலியும் கார்லாவும் மோதும் ஒரு நீண்ட வரிசை எழுதவேண்டும் என்று அவர் வைத்திருந்த திட்டமும் அதோடு நின்றது.

1989 நவம்பரில் மதில் விழுந்தது. அடுத்த வருஷம் வந்த 'தி சீக்ரட் பில்கிரிம்' இரண்டாம் விடை. உளவுப் பள்ளியில் இளைஞர்களுக்கு முன்னால் ஓர் இரவு பேசிவிட்டு, இனி என்னைக் கூப்பிடாதீர்கள் என்கிற மாதிரி ஸ்மைலி கிளம்பிப் போகிறார். மெல்லிய, கௌரவமான விடை. பிறகு லெ காரே ஆயுத வியாபாரிகளையும் மருந்துக் கம்பெனிகளையும் பற்றி எழுதப் போய்விட்டார்.

வாசகர் மனத்தில் ஸ்மைலி இதற்குள் ஒரு பெரியவராக உறைந்துவிட்டார். அவர் செய்ததெல்லாம் ஒரு சோகமான கடமை. எதிர்முகாமில்கூட அவருக்கு ரசிகர் இருந்தார். ரஷ்ய வெளிநாட்டு உளவுத்துறைக்குத் தலைவராக இருந்த யெவ்கெனி ப்ரிமகோவை லெ காரே லண்டனில் சந்தித்தார். என் நாவல்களில் உங்களை யாரோடு பொருத்திப் பார்க்கிறீர்கள் என்று பேச்சு வந்தபோது, கார்லா என்று சொல்வார் என்று எதிர்பார்த்த இடத்தில் ப்ரிமகோவ் சொன்ன பெயர் ஸ்மைலி. இதையும் லெ காரேதான் பதிவு செய்திருக்கிறார்.

எனக்கு இது சிரிப்பையும் கொஞ்சம் பயத்தையும் கொடுத்த இடம். எல்லா உளவுத் தலைவர்களும் தங்களை ஸ்மைலி என்று நினைத்துக்கொள்ள முடியுமென்றால், ஸ்மைலியை நாம் ரொம்ப சுலபமாக மன்னித்துவிட்டோமோ?

மூன்றாம் விடை

2017 செப்டம்பரில் 'எ லெகஸி ஆஃப் ஸ்பைஸ்' வந்தது. லெ காரேக்கு அப்போது 85 வயது. லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் அவர் ஸ்மைலியைப் பற்றிப் பேசிய மாலை, திரையரங்குகளிலும் நேரடியாகக் காட்டப்பட்டது. ஒரு நாவல் பாத்திரத்துக்கு எடுத்த விழா மாதிரி.

விழாவுக்கு வந்தவர்கள் கையில் வாங்கிக்கொண்டு போன புத்தகம் ஒரு விசாரணை. பிரிட்டனி பண்ணையில் ஓய்ந்திருக்கும் கிழவர் பீட்டர் கில்லமை லண்டன் திரும்ப அழைக்கிறது. உளவுத்துறையின் வக்கீல்கள் அவரைக் குடைகிறார்கள். காரணம், லீமஸின் மகனும் லிஸ்ஸின் மகளும் வழக்குத் தொடுக்கிறார்கள். எங்கள் அப்பாவும் அம்மாவும் ஏன் அந்த மதிலடியில் செத்தார்கள், யார் முடிவெடுத்தது? கோப்புகள் எங்கே என்று வக்கீல்கள் கேட்கிறார்கள். அவை துறையின் அலமாரியில் இல்லை. ஸ்மைலியின் ஆட்களே அவற்றை எடுத்து ஒரு ரகசிய வீட்டில் பதுக்கி வைத்திருக்கிறார்கள்.

பத்திரிகை விமர்சனங்கள் பெரும்பாலும் வரவேற்றன. பழைய வாசகர்களிடமிருந்து வந்த மனக்குறைகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது வயதுக் கணக்கு. 1961இல் வந்த முதல் நாவலான 'கால் ஃபார் தி டெட்'டின்படி ஸ்மைலி உளவு வேலைக்கு எடுக்கப்பட்டது 1928இல். அந்தக் கணக்கில் 2017இல் அவருக்கு நூற்றுப்பத்து வயது இருக்கவேண்டும். லெ காரே இடையில் வந்த நாவல்களிலேயே வயதைக் குறைத்துவிட்டார், அப்படியும் நூறை ஒட்டி வரும். கில்லமும் இப்படித்தான் இளமையாகிக்கொண்டே போனவர். கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது உறுத்தும். எனக்கு உறுத்தவில்லை. நம்ம வாரத் தொடர்கதைகளில் துப்பறியும் ஆட்களுக்கு எப்போது வயதானது?

இரண்டாவது, லிஸ்ஸுக்கு ஒரு மகள். 1963 நாவலில் அந்த இளம்பெண்ணுக்குக் குழந்தை இருப்பதற்கான சாடையே இல்லை. வழக்குப் போட ஆள் வேண்டும் என்பதற்காக எழுத்தாளர் பின்னால் போய்க் குழந்தையைச் செருகிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. இது நியாயமான குறைதான். அந்த மகள் பாத்திரமும் வக்கீல் பாத்திரங்களும் அழுத்தமாக எழுதப்படவில்லை.

மூன்றாவது, ஐரோப்பா. கடைசியில் கில்லம் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்தில் ஸ்மைலியைக் கண்டுபிடிக்கிறார். எதற்காக இதையெல்லாம் செய்தோம் என்ற கேள்விக்கு, ஐரோப்பாவுக்காக என்று ஸ்மைலி பதில் சொல்கிறார். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. லெ காரே அதைக் கடுமையாக எதிர்த்தவர். சாவதற்கு முன்னால் அயர்லாந்துக் குடியுரிமையே வாங்கிவிட்டார் என்று பிற்பாடு அவருடைய மகன் சொன்னார். அதனால் இது ஸ்மைலியின் வாயில் வைக்கப்பட்ட லெ காரேயின் பேச்சு என்று பலருக்குத் தோன்றியது. எனக்கும்தான். ஸ்மைலி ஒருபோதும் இவ்வளவு தெளிவாகத் தன்னை விளக்குகிறவர் இல்லை.

இந்த மூன்றுக்கும் அடியில் சொல்லாத நாலாவது குறை ஒன்று ஓடுகிறது என்று நினைக்கிறேன். எதற்கு இப்போது பழசைக் கிளற வேண்டும்? லீமஸின் சாவு ஒரு மகத்தான துன்பியல் முடிவு. வாசகர்கள் அழுதாயிற்று, மனத்தில் வைத்துக்கொண்டாயிற்று. இப்போது அவனுடைய மகன் பணம் கேட்டுக்கொண்டு முரட்டுத்தனமாக வந்து நிற்கிறான். அவனைப் பார்க்க யாருக்கும் பிடிக்கவில்லை. எங்கள் அண்ணனுக்கும் பிடிக்கவில்லை.

லாரிகள் போன திசை

அண்ணன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எந்த ஊர்ல நடக்கும்?

நம்ம ஊர்ல நடந்தது. 1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிரகடனமானது. அந்த டிசம்பரில் சிலாங்கூர், பத்தாங் காலியில் ஒரு ரப்பர் தோட்டத்தில், ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவினர் ஆயுதம் ஏதுமில்லாத 24 சீன ஆண்களைச் சுட்டுக் கொன்றார்கள். தப்பி ஓடியதால் சுட்டோம் என்று அரசாங்கம் சொன்னது. 1970இல், அந்தப் படையில் இருந்த சிலரே இது திட்டமிட்ட கொலை என்று பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்றில் வாக்குமூலம் கொடுத்தார்கள். விசாரணை தொடங்கியது, ஆட்சி மாறியதும் நிறுத்தப்பட்டது. செத்தவர்களின் பிள்ளைகள் விடவில்லை. லண்டனுக்குப் போனார்கள். 2015 நவம்பர் 25ஆம் தேதி பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. விசாரணை நடத்தும்படி அரசாங்கத்தைக் கட்டாயப்படுத்த முடியாது, காலம் ரொம்பத் தள்ளிப்போய்விட்டது. ஐந்து நீதிபதிகளில் லேடி ஹேல் மட்டும் மாறுபட்டார். 2018இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் வழக்கை ஏற்க மறுத்தது.

67 வருஷம் கழித்து பிரிட்டிஷ் அரசாங்கத்தின் கதவைத் தட்டிய பிள்ளைகள். லெ காரேயின் நாவல் இரண்டு வருஷம் கழித்து வந்தது. பத்தாங் காலியை மனத்தில் வைத்து அவர் எழுதினார் என்று நான் சொல்லவரவில்லை. அவர் கதை பெர்லினைப் பற்றியது. ஆனால் இந்த மண்ணிலிருந்து படிக்கிற ஒருவனுக்கு, லீமஸின் மகன் வந்து நிற்பது நம்ப முடியாத திருப்பமாகத் தெரிய நியாயமே இல்லை.

பதுக்கிய கோப்புகளும் அப்படித்தான். பிரிட்டன் தன் காலனிகளை விட்டுப் போகும்போது, சங்கடம் தரக்கூடிய ஆவணங்களை எரிக்கவோ லண்டனுக்குக் கொண்டுபோகவோ ஓர் ஏற்பாடு வைத்திருந்தது. பெயர் 'ஆபரேஷன் லெகஸி'. நாவலின் தலைப்பில் இருக்கும் அதே சொல். கென்யாவின் மாவ் மாவ் கைதிகள் போட்ட வழக்கில்தான், 37 காலனிகளின் ஆயிரக்கணக்கான கோப்புகள் ரகசியமாக வைக்கப்பட்டிருந்ததை 2011இல் பிரிட்டன் ஒப்புக்கொண்டது. 2012இலிருந்து அவை வெளியே வந்தன. மலாயாவைப் பற்றிய ஒரு தகவல் அதில் இருக்கிறது. 1957இல் கோலாலம்பூரிலிருந்து ஐந்து லாரிகளில் காகிதங்கள் சிங்கப்பூர் கடற்படைத் தளத்துக்குப் போயின. அங்கே இருந்த எரிப்பு உலையில் கொளுத்தப்பட்டன.

ஸ்மைலியாவது கோப்புகளை எரிக்காமல் ஒளித்து வைத்தார்.

இதையெல்லாம் படித்த பிறகு நாவலைத் திரும்ப எடுத்தேன். முதல் வாசிப்பில் நானும் கில்லமோடு உட்கார்ந்துகொண்டுதான் வக்கீல்களைப் பார்த்து எரிச்சலடைந்திருக்கிறேன். கில்லம்தானே கதை சொல்கிறார், பல நாவல்களாக நமக்குத் தெரிந்தவர்தானே. கோப்பை எழுதியவர்களின் பக்கமே நாம் எப்போதும் உட்கார்ந்திருந்தோம். கோப்பில் பேர் இருப்பவர்களின் வீட்டிலிருந்து ஒருத்தன் வந்து கேள்வி கேட்டால் முரடனாகத் தெரிகிறான். வாசகர்களுக்கு இந்தக் கடைசிப் புத்தகம் பிடிக்காமல் போனதற்கு அதன் கைவேலைக் குறைகள் பாதிக் காரணம். மீதிப் பாதி, அது நம்மை எதிர்ப்பக்க நாற்காலிக்கு மாறி உட்காரச் சொன்னது.

எனக்கு இது வெறும் இலக்கியப் பேச்சு இல்லை. எங்கள் தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தார். கெடாவில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், தொழிற்சங்கத்தில் இருந்தவர். 1948இல் சங்கங்கள் நசுக்கப்பட்டன. மலாயா தொழிற்சங்கங்களின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பாட்டி குரலைத் தணித்துக்கொள்வார். அவர் சொன்னதில் ஒரே ஒரு காட்சி எனக்குத் தெரியும். காலையில் எல்லாரையும் லயத்துக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள். தலையை மூடிக்கொண்டு, கண்ணுக்கு மட்டும் ஓட்டை வைத்த ஓர் ஆள் ஜீப்பில் உட்கார்ந்திருந்தான். அவன் தலையாட்டினால் அந்த ஆளை ஏற்றிக்கொண்டு போவார்கள். சின்ன தாத்தாவைப் பார்த்து அவன் தலையாட்டினான். அதற்குப் பிறகு இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு, முகாமிலேயே போய்விட்டார் என்று ஒரு பேச்சு. தலையாட்டியது நம்ம தோட்டத்து ஆள்தான் என்பது மட்டும் பாட்டிக்கு நிச்சயம். யார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு மேசையில் உட்கார்ந்து அந்தப் பேரை எழுதியிருப்பார். அவரும் தன்னை ஒரு ஸ்மைலி என்று நினைத்திருக்கலாம்.

கடைசி என்ற சொல்

லெ காரே 2020 டிசம்பரில் இறந்தார். அவர் விட்டுப் போன 'சில்வர்வியூ' அடுத்த வருஷம் வந்தது. 2024இல் அவருடைய மகன் நிக் ஹார்க்கவே 'கார்லாஸ் சாய்ஸ்' என்று ஒரு நாவல் எழுதி ஸ்மைலியைத் திரும்ப நடமாட விட்டார். அதைக் கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள், முகம் சுளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதைப் படிக்க இன்னும் மனம் வரவில்லை. என் ஸ்மைலி ஃப்ரைபர்க்கில் இருக்கிறார்.

போன மாசம் அண்ணனிடம் பத்தாங் காலி தீர்ப்பைப் பற்றிச் சொன்னேன். அந்தச் சம்பவம் அவருக்கு நன்றாகத் தெரியும். நாவலோடு சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"தோத்துட்டாங்க இல்ல?"

"ஆமாண்ணே. காலம் முடிஞ்சிருச்சுன்னுட்டாங்க."

"அதத்தான் நான் அன்னிக்கே சொன்னேன். கதவத் தாண்டி விடமாட்டான்." பிறகு, "அந்தப் பொஸ்தகத்தக் குடு. அந்தப் பையன் வர்ற இடத்த மட்டும் இன்னொரு தடவ பாக்குறேன்" என்றார்.

அன்று இரவு அம்மாவுக்குப் போன் போட்டு சின்ன தாத்தாவின் முழுப் பேரைக் கேட்டேன். அம்மாவுக்கு உடனே வரவில்லை. வீட்டில் கூப்பிட்ட பேர் ஒன்று, தோட்டத்து செக்ரோலில் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள் என்றார். அரைமணி நேரம் கழித்து அவரே திரும்பக் கூப்பிட்டுச் சொன்னார். அருகில் எழுத வேறெதுவும் இல்லை. சௌராஸ்தாவில் வாங்கிய அந்தக் கிழிந்த அட்டையின் உள்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.